நுரையீரலில் தூசி, விரல் மூட்டில் வலி: இரண்டுக்கும் என்ன உறவு?

மாணவர்களே, அண்மையில் எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் பழைய திரைச்சீலையைக் கழற்றினோம். எத்தனை ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. ஒரு மாணவன் அதை உதறியதுதான் தாமதம், படிவம் நான்கு வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். மாலை வெயில் சன்னல் வழியாகச் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒளிக்கற்றைக்குள் ஆயிரக்கணக்கான துகள்கள் மிதந்தன.

"டீச்சர், இவ்வளவையுமா நாம் மூச்சோடு இழுக்கிறோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

ஆம், இழுக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூசியைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி மூக்கின் ரோமங்களிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும். ஒரு தும்மல் போட்டால் வெளியே வந்துவிடும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள் பொதுவாக மூக்கையும் தொண்டையையும் தாண்டுவதில்லை. அதைவிடச் சிறியவை மூச்சுக்குழல் வரை போகும். அங்கே சிலியா எனப்படும் நுண்ணிய மயிரிழைகள் துடைப்பம்போல் அசைந்து அவற்றைச் சளியோடு மேலே தள்ளிவிடும். சிக்கல் தருவது 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்தான். அதை நாம் பார்க்க முடியாது. தும்மலும் வராது. நேராக நுரையீரலின் கடைசிக் கோடிக்கு, வாயுப் பரிமாற்றம் நடக்கும் காற்று நுண்ணறைகளுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இந்த இடத்தோடு முடிந்திருக்க வேண்டும். மணியும் அடித்துவிட்டது. ஆனால் அவள் விடவில்லை. "உள்ளே போன தூசி நுரையீரலை மட்டும்தான் கெடுக்குமா, டீச்சர்? வேறு இடத்துக்குப் போகாதா?" என்றாள். நல்ல கேள்வி. மருத்துவர்களே நெடுங்காலம் இதைச் சரியாகக் கேட்கவில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் காற்று நுண்ணறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அங்கே காவலுக்கு மாக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 'பெரிய விழுங்கி' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பாக்டீரியா வந்தால் விழுங்கி, உள்ளிருக்கும் நொதிகளால் செரித்துவிடும். நிலக்கரித் துகளையும் அப்படியே விழுங்கும். ஆனால் கரியைச் செரிக்க எந்த நொதியும் இல்லை. கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா இன்னும் மோசம். அது விழுங்கிய செல்லையே உள்ளிருந்து சிதைத்துக் கொன்றுவிடும். செல் செத்ததும் துகள் வெளியே வரும், அடுத்த மாக்ரோபேஜ் விழுங்கும், அதுவும் சாகும். சாகிற ஒவ்வொரு செல்லும் 'இங்கே ஆபத்து' என்று வேதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி கேட்டு வருகிற செல்கள் கொலாஜென் நாரைச் சுரந்து அந்த இடத்தை மூடிக் கட்டிவிடும். முழங்காலில் அடிபட்ட இடத்தில் தழும்பு உண்டாவதைப் போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், முழங்காலில் தழும்பு இருந்தால் நடக்கலாம், நுரையீரலில் தழும்பு பரவினால் மூச்சு விடுவதே பாடாகிவிடும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலூனைக் கொஞ்சம் ஊதி, அதன்மேல் ஏழெட்டு இடங்களில் ஒட்டுநாடாத் துண்டுகளை ஒட்டிவிட்டு, மீண்டும் ஊதுங்கள். நாடா ஒட்டிய இடம் விரியாது. உங்கள் கன்னம்தான் வலிக்கும். தழும்பேறிய நுரையீரலை விரிக்கும்போது ஒரு தொழிலாளியின் நெஞ்சுத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பாடுதான் படுகின்றன.

தொழிலிடத் தூசியால் வரும் இந்த நோய்களுக்கு நிமோகோனியோசிஸ் என்று பொதுப்பெயர். கிரேக்க மொழியில் 'நிமோன்' என்றால் நுரையீரல், 'கோனிஸ்' என்றால் தூசி. பெயர் நீளமே தவிர, பொருள் எளிதுதான்.

இனி நாம் தெற்கு வேல்ஸுக்குப் போக வேண்டும். பிரிட்டனின் மேற்கில் உள்ள இந்தப் பகுதியின் குறுகலான பள்ளத்தாக்குகளில் பரம்பரை பரம்பரையாக நிலக்கரி வெட்டினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய ஆண்கள் நாற்பது வயதிலேயே படியேற முடியாமல் மூச்சிரைத்தார்கள். ஆனாலும் கல்லில் உள்ள சிலிக்காதான் கேடு, கரித்தூசியால் ஒன்றும் ஆகாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. நிலக்கரித் தூசியே நோய் தரும் என்பதை ஏற்று இழப்பீடு தரும் ஏற்பாடு 1943இல்தான் வந்தது. தொழிலாளிக்கு நோய் இருக்கிறதா, எந்த அளவுக்கு இருக்கிறது என்று முடிவு செய்ய மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு அடுத்த மாதம் பணம் வருமா வராதா என்பது அந்தக் குழு ஓர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எழுதும் நாலு வரியில் இருந்தது.

கார்டிஃப் நகரில் இருந்த அப்படியொரு குழுவில் ஆண்டனி கப்லன் என்ற மருத்துவர் வேலை செய்தார். அவர் பார்த்த சுரங்கத் தொழிலாளர் எக்ஸ்ரே படங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வழக்கமான படம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. நுரையீரல் முழுக்க ரவை தூவியதுபோல் சின்னஞ்சிறு புள்ளிகள் இருக்கும். அவை பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கூடும். சிலருக்குக் கடைசியில் மேல்பகுதியில் பெரிய திட்டாகத் திரண்டுவிடும்.

ஆனால் சில படங்கள் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. ரவைப் புள்ளிகள் அதிகம் இல்லை. அதாவது அந்த மனிதர் அப்படியொன்றும் அளவுக்கு மீறித் தூசியை இழுத்தவர் அல்லர். இருந்தாலும் நுரையீரலின் ஓரங்களில் வட்டவட்டமான, விளிம்பு தெளிவான கட்டிகள் தெரிந்தன. கோலிக்குண்டை வைத்ததுபோல் அரை சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை. மெல்ல வளரவும் இல்லை. திடீரென ஒரு கூட்டமாக முளைத்து, பிறகு இன்னொரு கூட்டம் வந்தது. இப்படி ஒரு படத்தைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது இரண்டு நோய்கள்தாம். ஒன்று காசநோய், மற்றது வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய்.

கப்லன் படத்தை மட்டும் பார்க்காமல் படத்துக்கு உரியவரின் மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்தார். அங்கேதான் விடை இருந்தது. இப்படிப்பட்ட படம் உள்ளவர்களிடம் முடக்குவாதம் அடிக்கடி காணப்பட்டது. 1953இல் 'தோராக்ஸ்' என்ற மருத்துவ இதழில் இதை அவர் எழுதினார். அன்று முதல் இதற்குக் கப்லன் நோய்க்குறித்தொகுப்பு என்று பெயர். அதே காலத்தில் பெல்ஜியத்தில் கோலினே என்ற மருத்துவரும் சிலிக்காத் தூசியோடு இதேபோன்ற தொடர்பைக் கண்டு எழுதினார். அதனால் சில நூல்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும்.

எலும்பு மூட்டில் வரும் நோய்க்கும் நெஞ்சுக்குள் வரும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? இதைப் புரிந்துகொள்ள முடக்குவாதம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பாட்டிக்கு வரும் முழங்கால் வலி பெரும்பாலும் இது அல்ல. அது மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. முடக்குவாதத்தில், நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வை அந்நியனாக நினைத்துத் தாக்குகிறது. நடுத்தர வயதில், ஏன் இருபதுகளிலும்கூட வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்தால் விரலை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிலருக்கு முழங்கைக்குப் பின்னால் தோலுக்கடியில் கெட்டியான உருண்டைகள் வரும். இந்த உருண்டைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயாளிகள் பலரின் இரத்தத்தில் ருமட்டாய்டு காரணி என்ற எதிர்ப்பொருள் இருக்கும். இது ஒரு விசித்திரமான எதிர்ப்பொருள். கிருமியைப் பிடிக்காமல் நம் உடலின் மற்ற எதிர்ப்பொருள்களையே போய்ப் பிடித்துக்கொள்ளும். காவலரைக் காவலரே கைது செய்வதுபோல என்று வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் நடப்பது அதுதான்.

காரில் திருட்டு எச்சரிக்கை மணி இருக்கிறதல்லவா? சிலருடைய காரில் அதை அளவுக்கு மீறி உணர்திறனோடு வைத்திருப்பார்கள். பூனை ஏறிக் குதித்தாலே ஊரையே எழுப்பிவிடும். முடக்குவாதக்காரரின் எதிர்ப்பு மண்டலம் அப்படிப்பட்ட மணி. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அதே பூனை தினமும் படுத்துத் தூங்கும், ஒரு சத்தமும் வராது. வேல்ஸில் ஒரே சுரங்கத்தில் ஒரே தூசியை இழுத்த இரண்டு தொழிலாளிகளுக்கு இரண்டு விதமான நுரையீரல் இருந்ததற்குக் காரணம் இதுவே என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஒருவருடைய மாக்ரோபேஜ்கள் கரித்துகளை விழுங்கி ஓரளவு அமைதியாக இருந்தன. இன்னொருவருடையவை ஏற்கெனவே கொதிநிலையில் இருந்தன. சிறிதளவு தூசி வந்ததும் சுற்றியுள்ள திசுவையே அழற்சியால் சாகடித்து, அதைச் சுற்றி வளையமாக மதில் எழுப்பின.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. கார்டிஃபில் ஜெத்ரோ கஃப் என்ற நோய்க்கூற்றியல் வல்லுநர் இருந்தார். இறந்தவரின் முழு நுரையீரலையும் மெல்லிய தகடாகச் சீவிக் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாக்கும் முறையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு நுரையீரல் முழுவதையும் ஒரு புத்தகப் பக்கத்தைப்போல் கையில் எடுத்துப் பார்க்கலாம். (நான் இதன் நிழற்படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் ஏதோ மரத்தின் இலை என்றே நினைத்தேன்.) கப்லன் சொன்ன கட்டிகளை 1955இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். வெட்டப்பட்ட கட்டியில் மரத்தண்டின் ஆண்டு வளையங்களைப்போல் கறுப்பும் வெளுப்புமாக அடுக்கடுக்கான வட்டங்கள் இருந்தன. நடுவில் செத்த திசு, அதைச் சுற்றி அழற்சிச் செல்கள், இடையிடையே தூசியின் கறுப்பு வளையம். அந்தக் கறுப்பு வளையத்தை மட்டும் நீக்கிவிட்டுப் பார்த்தால்? முழங்கைக்குப் பின்னால் வரும் உருண்டையின் அமைப்பேதான்! மூட்டு நோயின் கையெழுத்து நுரையீரலுக்குள் கரி மையால் எழுதப்பட்டிருந்தது.

உங்களில் யாராவது இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். "டீச்சர், அது தற்செயலாக இருக்கலாமே? சுரங்கத் தொழிலாளிக்கும் மூட்டுவலி வரும்தானே?" சரியான சந்தேகம். மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. இதைச் சோதிக்க ஓர் ஊரையே பார்க்க வேண்டும்.

நல்ல வேளையாக, அப்போது ஒருவர் ஓர் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஆர்ச்சி காக்ரன். இன்று 'காக்ரன்' என்ற பெயரில் உலகளாவிய மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது, அவர் நினைவாக வைத்த பெயர்தான் அது. காசநோய்க்கும் சுரங்கத் தொழிலாளரின் பெரிய நுரையீரல் திட்டுகளுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, ரோண்டா ஃபாக் என்ற பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஏறத்தாழ எல்லாப் பெரியவர்களையும் எக்ஸ்ரே எடுக்க அவர் 1950களின் தொடக்கத்தில் இறங்கினார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்தார்கள். விட்டுப்போன ஒருவர்தான் மிகவும் நோய்ப்பட்டவராக இருக்கக்கூடும் என்பது அவர் கவலை. நீங்கள் அறிவியல் செயல்திட்டத்துக்குப் பத்து நண்பர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு 'ஆய்வு' என்று எழுதுகிறீர்களே, அப்போது இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்குக் கணக்கெடுப்பை வைத்து, கப்லனும் காக்ரனும் உள்ளிட்ட குழு 1953இல் சரிபார்த்தது. வட்டக் கட்டிகள் உள்ளவர்களிடம் முடக்குவாதம் மற்றத் தொழிலாளிகளைவிட மிக அதிகமாகவே இருந்தது. தற்செயல் இல்லை. பிறகு 1962இல் கப்லனும் சக ஆய்வாளர்களும் இரத்தத்தையும் சோதித்தார்கள். வட்டக் கட்டிகள் இருந்தும் மூட்டுவலியே இல்லாத பலருடைய இரத்தத்திலும் ருமட்டாய்டு காரணி இருந்தது! சிலருக்கு நுரையீரலில் கட்டி முதலில் வந்து, மூட்டு பல ஆண்டுகள் கழித்து வீங்கியது. நோய் முதலில் தலைகாட்டிய இடம் நெஞ்சு.

அந்த நாளைய கணக்கெடுப்பில், சுரங்கத்தில் வேலை செய்வதாலேயே முடக்குவாதம் கூடுகிறது என்று தெரியவில்லை. எனவே 'தூசி மூட்டைக் கெடுப்பதில்லை, மூட்டு நோய் உள்ளவரின் உடல்தான் தூசிக்கு வேறு விதமாக வினைபுரிகிறது' என்று முடிவுகட்டினார்கள். பாடநூலில் இப்படியே பல காலம் இருந்தது. ஆனால் அறிவியலில் முடிவுகள் பென்சிலில்தான் எழுதப்படுகின்றன. 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள், கல் துளைத்தல், கல் உடைத்தல் போன்ற வேலைகளில் சிலிக்காத் தூசியை இழுத்த ஆண்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று காட்டினார்கள். புகைபிடிப்பவராகவும் இருந்தால் இன்னும் கூடும். 2019இல் அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்க வேலைக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. ஆக, பாதை இரு திசையிலும் போகிறது.

நமக்கு மிக அருகில் உள்ள ஆய்வு ஒன்றும் உண்டு. நம் நாட்டிலேயே நடந்தது. கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. முடக்குவாதம் வந்த 910 மலேசியப் பெண்களையும், அதே வயதும் வட்டாரமும் உடைய, நோயில்லாத 910 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் எப்போதாவது துணி, நூல் ஆலைத் தூசியில் வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நோயுள்ளவர்களில் 41 பேர் ஆம் என்றார்கள். நோயில்லாதவர்களில் 15 பேர். கால்குலேட்டரை எடுங்கள். முதல் குழுவில் 41-ஐ மீதமுள்ள 869 ஆல் வகுங்கள். இரண்டாவதில் 15-ஐ 895 ஆல் வகுங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்தால் 2.8 வரும். துணித் தூசியில் வேலை செய்தவருக்கு அபாயம் ஏறத்தாழ 2.8 மடங்கு என்று இதைப் படிக்க வேண்டும்.

எண்ணைத் தவறாகப் படிக்காதீர்கள். அந்த 910 நோயாளிகளில் 869 பேர் ஆலைப்பக்கமே போகாதவர்கள். ஆகவே தூசிதான் முடக்குவாதத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆலையில் வேலை செய்த எல்லோருக்கும் நோய் வரும் என்றும் சொல்ல முடியாது. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. முடக்குவாதத்தோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. என்ற மரபணுவின் ஒரு வகையை உடையவராகவும், தூசியில் வேலை செய்தவராகவும் இருந்தால், முடக்குவாதத்தின் ஒரு வகை வரும் அபாயம் ஏறத்தாழ 39 மடங்காக எகிறியது. மரபணு மட்டும் அல்ல, தூசி மட்டும் அல்ல, இரண்டும் கூடும்போதுதான் அந்தப் பாய்ச்சல்.

இது எப்படி நடக்கிறது? புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உண்டு என்று படித்திருப்பீர்கள். புகையும் தூசியும் நுரையீரலை எரிச்சலூட்டும்போது அங்குள்ள ஒரு நொதி, ஆர்ஜினினைச் சிட்ருலின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. உருமாறிய அந்தப் புரதத்தை எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. மேலே சொன்ன மரபணு வகை உள்ளவர்களிடம் இது இன்னும் எளிதாக நடக்கிறது. இந்த எதிர்ப்பொருள்கள் மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பது தெரியவந்துள்ளது. மூட்டைத் தாக்கும் பிழை நுரையீரலில்தான் தொடங்குகிறது என்று பல ஆய்வாளர்கள் இப்போது கருதுவது இதனால்தான். என் மாணவி கேட்ட 'வேறு இடத்துக்குப் போகாதா?' என்ற கேள்விக்கு விடை இப்போது கிடைத்துவிட்டது. தூசி போகாது. தூசி கிளப்பிவிட்ட கோபம் போகும்.

இந்த ஆய்வைப் படித்தபோது என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். பத்து பஹாட்டில் ஒரு நூல் ஆலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். மாலையில் வீடு திரும்பும்போது அவர் புருவத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதை ஊதி விளையாடுவோம். நாற்பத்தெட்டு வயதில் விரல்கள் மடங்காமல் போயின. குளிர், வயசு, வெறுங்காலில் ஈரத்தரையில் நின்றது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் இரத்தச் சோதனையில் முடக்குவாதம் என்று தெரிந்தது.

"பெரியம்மா, ஆலையில் வேலை செஞ்சதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"கைவலிக்குப் போனா அதையெல்லாம் யாருமா கேக்குறாங்க? அவங்களும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

அவருடைய நோய்க்கு ஆலைத் தூசிதான் காரணமா? சொல்ல முடியாது. 2.8 மடங்கு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். ஒரு தனி மனிதரைச் சுட்டிக்காட்டி 'இதனால்தான்' என்று சொல்ல அது போதாது. ஆனாலும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. அடுத்த முறை நானும் கூடப் போனேன். வேலை விவரத்தைச் சொன்னோம். மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் சுத்தமாக இருந்தது. துணித் தூசியில் கப்லன் கட்டிகளை எதிர்பார்க்க முடியாது என்றாலும், முடக்குவாதம் தூசியே இல்லாமலும் நுரையீரலைத் தொடும் நோய் என்பதால் பார்த்துவைப்பது நல்லது என்றார்.

தூசியில் வேலை செய்தவருக்கு மூட்டுவலி இருந்து, நெஞ்சில் வட்டக் கட்டி தெரிந்தால் என்ன செய்வார்கள்? காசநோயோ புற்றுநோயோ இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். கப்லன் கட்டி என்று அவசரப்பட்டு முத்திரை குத்தினால் உண்மையான புற்றுநோய் ஒன்று தப்பிவிடலாம். கட்டிகள் பல நேரங்களில் வலி தருவதில்லை. சில தாமாகவே சுருங்கவும் செய்யும், சில நடுவில் குழிந்துவிடும். அதற்கென்று தனி மருந்து இல்லை. முடக்குவாதத்துக்கு மருந்து தொடரும். தூசியிலிருந்து விலக வேண்டும். புகைபிடிப்பதை நிறுத்த வேண்டும். சொக்சோ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் நிமோகோனியோசிஸ் இருக்கிறது. ஆனால் வேலை விவரம் மருத்துவக் குறிப்பில் ஏறாவிட்டால் அந்தப் பட்டியல் யாருக்கும் உதவாது.

ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கின் மேர்டி சுரங்கம் 1990இல் மூடப்பட்டுவிட்டது. கப்லன் பார்த்த வகைப் படங்களும் அங்கே அருகிவிட்டன. ஆனால் தூசி இடம் மாறியிருக்கிறது. சமையலறை மேடைக்குப் பதிக்கும் செயற்கைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். அதில் சில வகைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா. அதை உலர்ந்த நிலையில் மின்வாளால் அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகைதான் இன்றைய வேல்ஸ் சுரங்கம். பல நாடுகளில் இளம் தொழிலாளிகளுக்கே நுரையீரல் தழும்பேறிவிட்டது. இஸ்ரேலில் அத்தகைய தொழிலாளிகள் சிலருக்கு முடக்குவாதம் உட்படத் தன்னுடலைத் தாக்கும் நோய்களும் சேர்ந்து வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லின் பயன்பாட்டையே தடை செய்துவிட்டது. கல்லை அறுக்கும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி காற்றில் எழுவது பெருமளவு குறையும். எழும் இடத்திலேயே உறிஞ்சும் கருவியும் வேண்டும். முகத்தில் கட்டும் துணி இந்த அளவுத் துகளைத் தடுக்காது. அளவு சரியாகப் பொருந்திய என்95 வகைக் கவசமாவது வேண்டும். அதுவும் தண்ணீருக்கும் உறிஞ்சு கருவிக்கும் மாற்றாக அல்ல, கூடுதலாக.

திரைச்சீலை உதறிய நாளுக்கு அடுத்த வாரம், வகுப்பில் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். வீட்டில் பெரியவர்கள் இதுவரை என்னென்ன வேலை செய்தார்கள், அதில் என்ன தூசி இருந்தது என்று கேட்டு எழுதிவர வேண்டும். ரப்பர்த் தோட்டம், மரப்பலகை ஆலை, சிமெண்டுக் கடை, தையல் கம்பெனி என்று தாள் தாளாக வந்தது. அந்தக் கேள்விக்கார மாணவியின் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'அப்பா: கல்குவாரியில் லோரி, பதினொரு ஆண்டு.' கீழே பென்சிலில் சின்னதாக இன்னொன்றும் எழுதியிருந்தாள்: 'கல் கொட்டும்போது சன்னலை மூடுவாராம். கவசம் போடுவதில்லை. காலையில் விரல் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.'

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்95 எங்கே கிடைக்கும், டீச்சர்?" என்று கேட்டாள்.